திருவிதாங்கூரில் பிறந்தவர்கள்

ஊர் முக்கில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்ச்சுவரில் அரிசி ஆச்சியின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்து, தை மாசி வெயிலில் காய்ந்து, ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. ஆச்சியின் முகம் பாதிக்கு மேல் வெளுத்துப்போயிற்று. கீழே வயது 79 என்று இருப்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

அது தப்பு. ஆச்சிக்கு 84 வயது.

அடையாள அட்டை எடுக்கும்போது பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள். ஆச்சிக்குத் தெரியவில்லை. "ஏதாவது போடுங்கய்யா" என்று அவளே சொல்லி, 1946 என்று பதிவாகிவிட்டது. பேரன் அதைப் பார்த்துத்தான் போஸ்டருக்கு வயது கொடுத்தான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்காக வீட்டை ஒழுங்குபண்ணியபோது தகரப்பெட்டியின் அடியில் ஆச்சியின் ஜாதக நோட்டு கிடைத்தது. கொல்லம் ஆண்டு 1117, ஆவணி மாதம் என்று இருந்தது. அது மலையாள ஆண்டுக் கணக்கு, ஆங்கிலக் கணக்குக்கு 1941.

ஐந்து வயது கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1941-இல் பிறந்தவள் என்றால் திருவிதாங்கூர் ராஜா காலத்தில் நடந்து திரிந்தவள். காசு எண்ணக் கற்றுக்கொண்டதே அந்த நாட்டுச் சக்கரக் காசுக் கணக்கில். அந்த ஐந்து வருஷத்தை வெட்டினால் அவள் சொன்ன பாதிக் கதைக்கு இடமில்லாமல் போய்விடுகிறது.

எங்கள் ஊர் செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவே இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை, மலைக்கு அந்தப்பக்கம் ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டைத் தாலுகா மலைக்கு அந்தப்பக்கத்தோடு சேர்ந்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற தென்காசி வேறு சீமை, மலையைத் தாண்டிப் போகவேண்டிய திருவனந்தபுரம் தலைநகரம். செங்கோட்டை நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்றைக்கும் இருக்கிறது. தெற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் தமிழ்ப்பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி நேசமணி தலைமையில் பெரிய போராட்டம் நடந்து, 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போய், அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் இந்த எல்லைக்கோடு விழுந்தது. அங்கே நான்கு தாலுகா கன்னியாகுமரி மாவட்டமாயிற்று. நாங்கள் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தோம். தாலுகாவின் மேற்கு மலைப்பகுதி மட்டும் கேரளத்தோடு நின்றுகொண்டது.

ஆக, ஆச்சி பிறந்தது திருவிதாங்கூர் சமஸ்தானம். எட்டாவது வயதில் அது திருவிதாங்கூர்-கொச்சி. பதினைந்து வயதில் சென்னை மாநிலம், திருநெல்வேலி மாவட்டம். 1969-இல் தமிழ்நாடு. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம். இத்தனைக்கும் அவள் பிறந்த வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கும் நடுவே மூன்று தெருதான். ஊர் அவளைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருந்தது.

போன சித்திரையிலிருந்து இந்தப் பங்குனிக்குள் எங்கள் ஊரில் ஐந்து துஷ்டி, ஐந்து சாவு. நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அம்மாதான் போன் பண்ணுவாள். காலை ஆறு மணிக்கு முன்னால் அவள் பெயர் போனில் வந்தாலே நெஞ்சு ஒருமுறை நின்று அடிக்கும். "மக்கா, பதறாத, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் யாரென்று சொல்லுவாள்.

அரிசி ஆச்சியின் நிஜப்பெயர் போஸ்டரைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். எல்லாருக்கும் அவள் அரிசி ஆச்சி. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. மலைக்கு அந்தப்பக்கம் அரிசிக்குத் தட்டுப்பாடு, இந்தப்பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிற வயல். நடுவே ரயில். 1904-இல் போட்ட கொல்லம் செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை. செங்கோட்டையை விட்டால் பகவதிபுரம், அப்புறம் நீளமான குகை, ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை. இந்தப் பெயர்களை ஆச்சி ஒரே மூச்சில் சொல்லுவாள்.

இருபத்தேழு வயதில் புருஷனைப் பறிகொடுத்தாள். நான்கு பிள்ளைகள். நிலம் கிடையாது. காலை வண்டியில் அரிசி கொண்டுபோகிற பெண்கள் ஏழெட்டுப்பேர் இருந்தார்கள், அவர்களோடு சேர்ந்துகொண்டாள். பழைய வேட்டியைக் கிழித்துக் குழாய் மாதிரி நீளமாகப் பை தைத்து, அதில் அரிசியைக் கொட்டி, வயிற்றைச் சுற்றி இரண்டு சுற்று. மேலே சேலை. நான்கு படி அரிசி. பார்க்கிறவர்களுக்குப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருக்குமாம். உட்கார முடியாது, உட்கார்ந்தால் தையல் விட்டுவிடும். முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் ஒரு எஞ்சின் வைத்து வண்டி மலை ஏறி முடிகிற மட்டும் நின்றுகொண்டே போகவேண்டும்.

ஆரியங்காவில் சோதனை உண்டு என்று சேதி வந்தால், ஸ்டேஷனுக்கு முந்தின வளைவில் வண்டி மெதுவாகும்போது பையை அவிழ்த்து வெளியே போட்டுவிடுவார்கள். கீழே ஒரு பையன் காத்திருப்பான். சில நாள் அவன் இருக்கமாட்டான். அன்றைக்கு நான்கு படியும் காட்டுக்கு. ஒருமுறை பிடிபட்டு ராத்திரி முழுக்க உட்காரவைத்தார்களாம். கைக்குழந்தை வீட்டில் இருக்க, பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் அழுதாளாம். காவலுக்கு நின்றவர் விடியுமுன் கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொல்லும்போது ஆச்சி எப்போதும் கையெடுத்துக் கும்பிடுவாள். ஐம்பது வருஷம் கழித்தும் கும்பிட்டாள்.

சட்டப்படி அது கடத்தல், ஆச்சிக்கும் அது தெரியும். நான்கு பிள்ளைகளை அவள் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அந்த அரிசியில்தான். எனக்கு அவள்மேல் மரியாதை தவிர வேறொன்றும் இல்லை.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது வாய்க்காலில் குளிக்கையில் பார்த்திருக்கிறேன். ஆச்சியின் இடுப்பைச் சுற்றி நாலுவிரல் அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்திருக்கும். வண்டிமாட்டுக் கழுத்தில் நுகத்தடி பட்ட இடம் மாதிரி. அப்போது அவள் அரிசி கொண்டுபோவதை விட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. தடம் போகவில்லை. அவளைக் குளிப்பாட்டிய பெண்களில் அம்மாவும் ஒருத்தி. "அப்படியே இருந்துச்சு மக்கா" என்றாள்.

வரும்போது வெறுங்கையோடு வரமாட்டாள். மரச்சீனிக் கிழங்கு, பாக்கு, சக்கை என்கிற பலாப்பழம். கழுதுருட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்கு வாடிக்கையாக அரிசி கொடுத்திருக்கிறாள். துஷ்டி அன்றைக்கு மதிய ரயிலில் வந்து இறங்கிய ஒரு பெண்ணை எங்களில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஐம்பது வயதிருக்கும். கையில் கோடிச்சேலை. பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னாள்: "என்டெ அம்மைக்கு அரி கொண்டு வந்த அம்மச்சியாணு. அம்மை போயிட்டு பத்து வருஷமாச்சு. அம்மை இருந்தா வந்திருக்கும்." ஆச்சியின் மூத்த மகள் அவளை எழுந்துபோய்க் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் சரியான அழுகையே வந்தது.

நீர்மாலை எடுத்துவந்து, கோடி போட்டு, நெற்றியில் காசு வைக்கும் நேரத்தில் ஒரு சின்னப் பேச்சு கிளம்பியது. ஆச்சியின் சுருக்குப்பையில் எப்போதும் ஒரு செம்புக்காசு கிடக்கும். ஒரு சக்கரம். திருவிதாங்கூர்க் காசு. சின்ன வயதில் அவள் அப்பா மிட்டாய்க்குக் கொடுத்தது, செலவழிக்காமல் வைத்துக்கொண்டாளாம். இரண்டு பக்கமும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். மகள் அதைத்தான் நெற்றியில் வைப்பேன் என்றாள். செல்லாத காசை வைக்கக்கூடாது, ஒரு ரூபாய்க் காசு கொண்டுவாங்க என்றார்கள் நாலுபேர். மகள் கையை எடுக்கவில்லை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆதாரம் தாத்தா கம்பை ஊன்றி எழுந்து உள்ளே வந்தார். "அவ பொறந்த நாட்டுக் காசுல்லா அது. அவளுக்குச் செல்லும். வையுங்க" என்றார். அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. சக்கரத்தை வைத்தார்கள். அதோடேதான் ஆச்சி போனாள்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, தை மாதத்தில் ஆதாரம் தாத்தாவும் போய்விட்டார்.

பத்திரத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஆதாரம் என்றுதான் சொல்லுவார்கள். மலைக்கு அந்தப்பக்கத்து வழக்கம், எங்களிடம் தங்கிவிட்டது. தாத்தா நாற்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதினார். அதைவிட அவர் பெரிதாகச் செய்தது பழைய பத்திரத்தை வாசித்துச் சொன்னது. இந்தத் தாலுகாவில் தாத்தன் பூட்டன் காலத்து நிலம் வைத்திருக்கிற எந்தக் குடும்பத்திலும் சங்கு போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள் ஒன்றாவது இருக்கும். தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். தொகை சக்கரத்திலும் பணத்திலும் இருக்கும். நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். தண்டப்பேர் என்று ஒரு எண் இருக்கும், வரி கட்டுகிறவர் பெயரில் போட்ட கணக்கு எண். போக்குவரவு என்று இருக்கும், அதாவது பெயர் மாற்றம். மலைக்கு அந்தப்பக்கத்து வில்லேஜ் ஆபீஸ்களில் இன்றும் புழங்குகிற சொற்கள். நாம் பட்டா, சிட்டா என்று பழகி எழுபது வருஷம் ஆகப்போகிறது.

எங்கள் வீட்டுக் கிணற்றில் யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்று அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. ஒருநாள் தாத்தா இரண்டு பேரையும் தன் திண்ணைக்கு வரச்சொன்னார். பழைய பத்திரத்தை மடியில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒரு வரியில் நின்றார். 'கிணற்றில் நாலில் ஒன்றும், துலாவுக்கும் நடைக்கும் உள்ள வழியும்' என்று இருந்தது. "வழியவும் சேத்து எழுதியிருக்கானே உங்க தாத்தன். தண்ணிய மட்டும் கொடுத்துட்டு வழிய மறிச்சா அவன் என்ன செய்வான்னு யோசிச்சுருக்கான் பாரு" என்றார். பெரியப்பா வேலியை மறுநாள் பிரித்துவிட்டார். நான் தாவணி போட்ட வயதில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தது. காகிதத்தில் எழுதின மனுஷன் செத்து அறுபது வருஷம் கழித்து வந்து நியாயம் சொன்னமாதிரி இருந்தது எனக்கு.

கொல்லம் ஆண்டுக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். "ஆவணியிலேருந்து மார்கழி பாதி வரைக்கும் 824 கூட்டு, அதுக்கப்புறம் 825. அவ்வளவுதான் பிள்ள." ஆச்சியின் ஜாதக நோட்டை அம்மா அவரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது ஒரு நொடியில் 1941 என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். "என்னைவிட மூணு வயசு மூத்தவளா? நான் அவளைத் தங்கச்சின்னுல்லா நினைச்சுட்டு இருந்தேன்" என்றாராம்.

அவர் போன பிறகு மகன் பெட்டியைத் திறந்து காட்டினார். கட்டைப்பேனா நான்கைந்து, காய்ந்த மைக்கூடு, பைண்டு பண்ணின நோட்டுகள். எந்தக் குடும்பத்துப் பத்திரம், எந்த வருஷம், எதில் என்ன வில்லங்கம் என்று அவருக்கு மட்டும் புரிகிற சுருக்கெழுத்தில் குறித்துவைத்திருக்கிறார். நான் ஒரு மணிநேரம் புரட்டினேன். இரண்டு பக்கம்கூட முழுதாகப் புரியவில்லை. அவர் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

கீமேன் மாமா போனது ஆடியில், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த வாரத்தில். எனக்கு அவர் ரத்த சொந்தம் கிடையாது. அப்பாவோடு பழகினவர், அதனால் மாமா. ரயில்வேயில் கீமேன். கையில் சுத்தியல், தோளில் ஸ்பானர், சிவப்புக்கொடி. தினம் தன் பங்குக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தண்டவாளத்தில் நடந்து, தளர்ந்த சாவியை அடித்து இறுக்கி, போல்ட்டைப் பார்த்து, ஓரத்துப் பாறையில் நீர்க்கசிவு கண்டால் குறித்துக்கொண்டு திரும்ப வேண்டும். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே உள்ள குகை அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு வாய் தமிழ்நாட்டில், மறுவாய் கேரளத்தில். நடுவில் வண்டி வந்துவிட்டால் சுவரில் ஒதுங்கிக்கொள்ளக் குடைந்த மாடம் உண்டு. கரி எஞ்சின் காலத்தில் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அதற்குள் ஒண்டிக்கொள்வாராம். மழைக்காலத்தில் யானை குகை வாயில் வந்து நிற்கும். "அதுவும் நம்மளமாதிரிதான், நனையாம நிக்கப் பாக்குது" என்பார்.

அவர் 2007-இல் ரிட்டையர் ஆனார். 2010 செப்டம்பரில் அகலப்பாதை வேலைக்காக மீட்டர் கேஜை நிறுத்தினார்கள். கடைசி வண்டியில் புனலூர் வரைக்கும் போய்வந்து, இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. எட்டு வருஷம் ஊரில் ரயில் சத்தமே இல்லை. 2018-இல் திரும்பவும் வண்டி ஓடியபோது பகவதிபுரம் ஸ்டேஷனில் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நின்றார்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. தெரியாத ஒன்றை அவர் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். இப்போது இரண்டு பேரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

2020 சித்திரை. கொரோனா ஊரடங்கு. புளியரைச் செக்போஸ்டில் பாஸ் இல்லாமல் ஒரு ஆள் தாண்ட முடியாது. ஆரியங்காவில் வாழ்க்கைப்பட்ட மாமாவின் அக்கா ராத்திரி இறந்துபோனாள். இவரை வளர்த்தவள். மறுநாள் மதியத்துக்குள் எடுத்துவிடுவார்கள். பாஸுக்கு எழுதிப்போட்டு வருகிறவரை உடம்பு தாங்காது. எழுபத்து மூன்று வயதில் மாமா விடியுமுன் ஒரு டார்ச்சும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஏறிவிட்டார். பயணிகள் ரயில் ஒன்றும் ஓடாத நாட்கள். "செக்போஸ்ட் ரோட்டுக்குத்தான இருக்கு. முப்பத்தஞ்சு வருஷம் நடந்த பாதையில என்னை யாரு மறிக்கா?" என்று அப்பாவிடம் கேட்டாராம்.

குகைக்குள் போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. மீட்டர் கேஜ் காலத்துச் சலீப்பர் கட்டைகளின் இடைவெளிக்குக் கால் பழகியிருந்தது, கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். இப்போது கான்கிரீட் சலீப்பர், இடைவெளி வேறு. பழைய நினைவில் கால் வைத்தால் ஜல்லியில் இறங்குகிறது. இருட்டில் ஒவ்வொரு சலீப்பராக எண்ணி எண்ணிக் கால் வைத்துப் போயிருக்கிறார். ஒதுங்குகிற மாடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாராம், பழைய இடத்தில் ஒன்றும் இல்லை. மறுவாயில் வெளிச்சம் தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். அழுதேன் என்று சொன்னாரா தெரியாது, அப்பா அதைச் சொல்லவில்லை. அக்கா முகத்தைப் பார்த்தார். வாய்க்கரிசி போட்டார். தூரத்தில் நின்றபடியே மருமகனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அதே வழியில் திரும்பி, இருட்டுகிற நேரத்துக்கு ஊர் வந்து சேர்ந்தார். மனைவியிடம் வயலுக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறார்.

தண்டவாளத்தில் நடப்பது தப்பு என்று முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னவர் அவர். அந்த ஒருநாளுக்கு அவரை நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

சித்திரையில் முதலாவதாகப் போனவர் சிலோன் சித்தப்பா. போன பெரியவர்களில் அவர் மட்டும் திருவிதாங்கூரில் பிறந்தவர் இல்லை. பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டின தொழிலாளர் வீட்டில். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம், நாடற்றவர்கள் என்று கணக்கிட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அந்தக் கணக்கில் ஒரு ஆளாக, இருபத்தெட்டு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். இப்படி வந்தவர்களுக்காகவே புனலூரைத் தலைமையிடமாக வைத்து 1976-இல் அரசாங்கம் ரப்பர்த் தோட்ட நிறுவனம் ஒன்றை ஆரம்பித்திருந்தது. குளத்துப்புழையில் வேலை கிடைத்தது. கொழுந்து பறிக்கிற குடும்பத்தில் பிறந்தவர் ரப்பர் வெட்டக் கற்றுக்கொண்டார். ரிட்டையர் ஆன பிறகு, தமிழ் ஊராக இருக்கட்டும் என்று மலையிறங்கி எங்கள் தெருவில் மூன்று சென்ட் வாங்கினார்.

எங்கள் கொல்லை முருங்கையில் அவர் எனக்கு ரப்பர் வெட்டிக் காட்டியிருக்கிறார். இடமிருந்து வலமாகச் சரிவாக இறங்க வேண்டும். பட்டையைச் சீவவேண்டும், உள்தண்டைத் தொடக்கூடாது, தொட்டால் மரத்துக்குப் புண், அந்த இடத்தில் பட்டை மறுபடி சரியாக வளராது. "ஒரு தாள் கனம்தான் புள்ள. கை தானா நிக்கணும்." ஒரு நாளைக்கு முந்நூறு மரம். வெயில் ஏறினால் பால் வராது, அதனால் விடியற்காலை மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காலையில் ஆட்களைப் பிரிப்பதைப் பெரட்டு என்பார், தண்ணீர்க் குழாயைப் பீலி என்பார். ஊர்ப்பிள்ளைகளும் விளையாட்டாக அந்தச் சொற்களைப் பேசப் பழகியிருந்தார்கள்.

படுக்கையில் விழுந்த கடைசி மாதம் வலது மணிக்கட்டு மட்டும் தூக்கத்தில் அசைந்துகொண்டே இருக்குமாம், இடமிருந்து வலமாக. அவர் மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "போதுங்க, பெரட்டு முடிஞ்சிருச்சு, தூங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்திருக்கிறாள்.

ஆவணியில் போனவன் லோடு வண்டி ஓட்டின பையன். முப்பத்தொரு வயது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து ராத்திரி காய்கறி ஏற்றிக்கொண்டு கொல்லம் பக்கம் போவான். ஓணத்துக்கு முந்தின வாரம், எல்லா வண்டியும் இரட்டை நடை அடிக்கிற நேரம். புளியரை மலைவளைவில் நடந்தது. போஸ்டரில் அவன் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிறான். சின்னக் குழந்தையாக எங்கள் வீட்டு முற்றத்தில் தவழ்ந்தவன். அவனைப் பற்றி இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

மார்கழி ஒன்றாம் தேதி அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப்பெட்டி புனலூரிலிருந்து புறப்பட்டு, ஆரியங்காவு வழியாக மலையிறங்கி, செங்கோட்டை, தென்காசி என்று சுற்றிக் கோயிலுக்குப் போகும். கேரளப் போலீஸ் துப்பாக்கியோடு கூட வரும். வழியெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் தேங்காயும் சூடமுமாக நிற்பார்கள். எல்லை பிரித்தபோது பிரிபடாத ஒன்று அது. ஆச்சி ரோட்டோரப் புளியமரத்தடியில், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் நகரச்சொல்லிவிட்டு முன்னால் நிற்பாள். இந்த வருஷம் அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை. நகரச்சொல்ல ஆளில்லாமலே எல்லாரும் ஒரு ஆள் இடம் விட்டு நின்றிருந்தார்கள். அம்மா அன்றைக்கு ராத்திரி போனில் சொன்னாள்.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன். அரிவாள்மணையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. யார் யாரைப் பற்றி என்று கேட்டாள். சொன்னேன். கீமேன் மாமாவின் விஷயத்தை எழுதலாமா என்று கேட்டதற்கு, "அவரு பொண்டாட்டிக்கு நான் எப்பவோ சொல்லிட்டேன்" என்றாள். அப்புறம் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், பீரோ மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். பழைய ஜாதக நோட்டு. மஞ்சள் தடவிய மூலை. கொல்லம் ஆண்டு 1128, மாசி மாதம்.

825 கூட்டிப் பார்த்தேன். 1953. அவளும் திருவிதாங்கூர்-கொச்சியில் பிறந்தவள்.

"அட்டையில 55-ன்னு இருக்கு. நீ அதப் பாத்து அடிச்சுராத. இதப் பாத்து அடி" என்று சொல்லிவிட்டு, வாழைக்காயை எடுக்கத் திரும்பவும் உட்கார்ந்துகொண்டாள்.